46 வயதில் முதல் ஓபரா

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் இசையமைப்பாளர் ஜார்ஜ் பெஞ்சமின் குறித்து ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, அவரை 'இளம் மேதை' என்ற ஒற்றை முத்திரைக்குள் அடைத்துவிட்டது. 16 வயதில் பாரிசில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியானிடம் பாடம், 20 வயதில் லண்டனின் பிபிசி பிராம்ஸ் இசைவிழாவில் ஆர்க்கெஸ்ட்ரா படைப்பு, எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்குப் பிந்தைய கால் நூற்றாண்டை, தேக்கம் என்று ஒரே வரியில் தாண்டியது நியாயமில்லை. நாடகாசிரியர் மார்ட்டின் கிரிம்ப்பின் வரிகளுக்கு இசையமைத்து முதல் ஓபராவை, அதாவது பாட்டாலேயே நகரும் இசை நாடகத்தை, அவர் அரங்கேற்றியது 2006இல்; அப்போது வயது 46. அடுத்த ஓபராவான 'ரிட்டன் ஆன் ஸ்கின்' வர மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. குறைவாக, நிதானமாக எழுதுவதுதான் அவருடைய வழி. அதைத் தேக்கம் என்று எழுதுவது தவறு.

2013இல் லண்டன் ராயல் ஓபரா அரங்கில் அந்தப் படைப்பைக் கேட்டேன். மேல்மாடத்து மலிவு டிக்கெட்தான். ஈரவிரலால் கண்ணாடி விளிம்பை வருடி வாசிக்கும் கிளாஸ் ஹார்மோனிகாவின் மெல்லிய ஒலி அங்குவரை எட்டியது. பக்கத்து இருக்கைக்காரர் இருமலை அடக்கிக்கொண்டிருந்தார். அவசரத்தில் எழுதிய இசைக்கு அந்த அமைதி வாய்க்காது. இனி இசைக்கலைஞர்களைப் பற்றி எழுதும்போது, விருதுகளோடு படைப்புகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளையும் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், லண்டன்