தேவகிக்கு, அடுப்படிக் கல் விவகாரம்

மதுரை

அன்புள்ள தேவகி,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனுக்கு முழங்கால் வலி தேவலையா? பேத்தியின் படம் பார்த்தேன். உன் மூக்கு அப்படியே வந்திருக்கிறது, பாவம் குழந்தை. ராஜியைப் பற்றிக் கேட்டிருந்தாய். ராஜி ராஜியாகவே இருக்கிறாள், வேறென்ன சொல்ல.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அடுப்படியை இடித்துப் போட்டிருக்கிறோம். பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு சமையல் நடக்கிறது. காற்றடித்தால் அடுப்பு அணைகிறது. அணைந்தால் அத்தை சிரிக்கிறார். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தாலே இவர் டேப்பும் கையுமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் சொல்லுகிற அளவையெல்லாம் திருத்துகிறார். அதனால்தான் கடிதம்.

பழைய மேடை உனக்குத் தெரியும். அதன்மேல் ஏறி உட்கார்ந்து அத்தையிடம் நீ வாங்காத திட்டா? கடப்பாக் கல், சுண்ணாம்புக்கல் ஜாதி. புளியும் எலுமிச்சையும் பட்ட இடமெல்லாம் வெளுத்துத் திட்டுத் திட்டாகிவிட்டது. அதோடு இன்னும் பத்து வருடம் ஓட்டியிருப்பேன். குழாய்க்காரர் ஒரு கசிவைப் பார்க்க வந்து கீழ் அலமாரியைத் திறந்தார். கதவு அவர் கையோடு வந்துவிட்டது. உள்ளே முழுக்கக் கரையான்.

சின்னவன் பெங்களூரிலிருந்து படமாக அனுப்பித் தள்ளினான். எல்லாம் வெள்ளை. எல்லாவற்றிலும் நடுவில் ஒரு மேடை தனியாக நிற்கும், அதன்மேல் கிண்ணத்தில் எலுமிச்சம்பழம் இருக்கும். எண்ணெய்ச் சட்டியைக் கண்ட அடுப்படி ஒன்றுகூட அதில் கிடையாது. நம் வீட்டு அடுப்படி பத்துக்கு எட்டு. நடுவில் மேடை போட்டால் நான் சுவரை உரசிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆனாலும் பொய் சொல்வானேன், அந்த வெள்ளை என் மனத்தில் ஒட்டிக்கொண்டது. பைபாஸ் ரோட்டில் ஒரு கடையில் குவார்ட்ஸ் பலகையைத் தடவிப் பார்த்தேன். கறை ஏறாது, வருடாவருடம் எதுவும் பூச வேண்டாம் என்றார்கள். கொதிக்கிற குக்கரை அப்படியே இறக்கி வைக்கலாமா என்று கேட்டதற்கு மட்டும், "அடியில் ஒரு மனையைப் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா" என்று பேச்சை மாற்றினார்கள். விலை கிரானைட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இவர் முகம் கடப்பாக் கல்லாகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து நீ போன் செய்தாய். "குவார்ட்ஸ் மட்டும் போட்டுவிடாதே, இங்கே தடையே போட்டுவிட்டார்கள்" என்றாய். ஏன் என்று கேட்பதற்குள், "ட்ராம் வந்துவிட்டது" என்று வைத்துவிட்டாய். பற்ற வைத்துவிட்டுப் போவது உன் பிறவிக் குணம்.

நானே தேடிப் படித்தேன். குவார்ட்ஸ் என்று விற்பது மலையிலிருந்து அறுத்தெடுத்த கல் இல்லையாம். படிகக்கல்லைப் பொடித்துப் பிசின் கலந்து அழுத்திச் செய்கிறார்கள். சூடு பட்டால் இளகுவதும் நிறம் மாறுவதும் அந்தப் பிசின்தான். அது போகட்டும். அதில் சிலிக்கா, அதுதான் மணலில் இருக்கிற பொருள், 90 சதவீதத்துக்கும் மேல் இருக்கலாமாம். அறுக்கும்போது பறக்கிற தூசி கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையானது, நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். சிலிகோசிஸ் என்கிறார்கள். வந்தால் போகாது. மேடைக்கல் அறுக்கிற வேலையில் இருந்த இளவயதுக்காரர்களுக்கெல்லாம் வந்த பிறகுதான் 2024 ஜூலை 1 முதல் உங்கள் நாட்டில் தடை, உலகத்திலேயே முதல் தடை. வீட்டில் பொருத்தியபின் அதன்மேல் சமைக்கிறவளுக்கு ஒன்றும் இல்லை, தேவகி. எல்லாம் அறுக்கிறவனுக்குத்தான்.

படித்ததோடு விட்டிருப்பேன். எதிர்வீட்டில் மாடி கட்டுகிறார்கள். அங்கே கல் அறுக்க ஒரு பையன் வருகிறான், இருபது வயதுகூட இருக்காது. சிங்குக்குத் துளை எடுப்பதற்காகக் கிரானைட் பலகையை வாசலில் இரண்டு மரக்கட்டைகளின்மேல் கிடத்தி, பென்சிலால் கோடு போட்டிருந்தான். கைமெஷினை வைத்து அழுத்தினான் பார், தெரு மறைந்துவிட்டது. மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் அவன் பாதுகாப்பு. நிறுத்திவிட்டுத் துண்டை இறக்கினான். துண்டு மறைத்திருந்த இடம் மட்டும் அவன் நிறம். மேலே புருவம், இமை, தலைமுடி எல்லாம் வெளுத்திருந்தது. தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்கலாமே தம்பி, தூசி அடங்குமே என்றேன். "கோடு அழிந்துவிடும் அம்மா. அளவு தப்பினால் கல்லுக்கு என் கூலியில்தான் பிடிப்பார்கள்" என்றான். டீயைக் குடித்துவிட்டு மறுபடி துண்டைக் கட்டிக்கொண்டான்.

வெள்ளை ஆசை அன்றோடு போயிற்று. சின்னவனிடம் சொன்னால், "கிரானைட்டிலும் சிலிக்கா இருக்கிறதே அம்மா" என்கிறான். இருக்கிறது. குவார்ட்ஸில் இருப்பதில் பாதிக்குள்தான் என்றாலும் இருக்கிறது. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

கிரானைட் என்று முடிவானதும், ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டில் ஒரு கல் கிடங்குக்குப் போனோம். முதலில் காட்டியது காஷ்மீர் ஒயிட். சாம்பல் பூத்த வெள்ளையில் சின்னச் சின்னதாகச் செம்புள்ளிகள், அழகுதான். "அங்கிருந்தா வருகிறது?" என்று இவர் வாயைப் பிளந்தார். கிடங்குக்காரர் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டி, "காஷ்மீரும் இல்லை ஒன்றும் இல்லை சார், இதோ மேலூர்ப் பக்கம்தான்" என்றார். இவருக்கு ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழவளவில் சமணப் படுகைகளைப் பார்க்கப் போய் நீ செருப்பைத் தொலைத்தாயே, அந்தப் பாறைமேல் நின்று பார்த்த மலைகளெல்லாம் நினைவுக்கு வந்தன. 2012இல் குவாரி முறைகேடு வெளியே வந்தபோது, கலெக்டர் சகாயத்தின் அறிக்கையில் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று போட்டிருந்ததை நான் உனக்குப் போனில் வாசித்துக் காட்டவில்லையா? மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியை 2022இல் மாநில அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது; இரண்டே வருடத்தில் மத்திய அரசு அங்கே டங்ஸ்டன் எடுக்க ஏலம் விட்டது. 2025 ஜனவரியில் ஊர் ஊராகத் திரண்டு நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நடந்தார்கள். எங்கள் பால்காரரும் போனார். அன்று பால் இல்லை, யாரும் குறை சொல்லவில்லை. அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அதற்குக் கைதட்டியவள் அதே மேலூர்க் கல்லைப் பேரம் பேசி வாங்குவதா?

இதைச் சொன்னதும் இவர் கேட்டாரே ஒரு கேள்வி: "நம் வாசற்படி எந்தக் கல்? நீ வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறாயே, அந்தக் கோயில் தூணெல்லாம் மண்ணா?" பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவு தோசைக்குச் சட்னி இல்லை.

கடைசியில் மஞ்சள்தான் என்னைக் காப்பாற்றியது. வெளிர்நிறக் கல் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சும் என்று ஆசாரி சொல்லியிருந்தார். பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் கறுத்தது. நல்லெண்ணெய் புழங்குகிற நம் வீட்டுக்கு இது ஆகாது என்று எழுந்துவிட்டேன். மனச்சாட்சி பேசியதா, மஞ்சள் பேசியதா என்று மட்டும் கேட்காதே.

கறுப்பிலும் திருட்டு உண்டு. சாம்பல்நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு என்று விற்பதும் நடக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பஞ்சில் நனைத்துத் தேய்த்தால், முதல் பலகையிலேயே பஞ்சு கரியாகிவிட்டது. கிடங்குக்காரர் என்னைப் பார்த்தார், நான் பஞ்சைப் பார்த்தேன். "அது வேண்டாம் அம்மா, உள்ளே வாருங்கள்" என்றார். உள்ளே இருந்ததில் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. கர்நாடகக் கல்லாம். அங்கே அது எந்த மலையோ, அதற்காக யார் நடந்தார்களோ.

கல்லைப் பார்த்து வைத்தாயிற்று, இன்னும் எடுக்கவில்லை. நான் போட்ட நிபந்தனை அப்படி. சிங்குத் துளை உட்பட எல்லா அறுப்பும் கிடங்கிலேயே, தண்ணீர் பீய்ச்சி அறுக்கிற பெரிய மெஷினில் முடிந்துவிட வேண்டும். என் வாசலில் யாரும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. அவர் சம்மதித்தார். ஆனால் துளையின் அளவை இப்போதே கொடுக்க வேண்டும், பிறகு அரை அங்குலம்கூட மாற்ற முடியாது என்றார். ஆகவே பாத்திரம் பண்டத்திலிருந்து மெஷின்கள் வரை எல்லாவற்றையும் கல்லுக்கு முன்னால் முடிவு செய்கிற கட்டாயம். ஊரில் எல்லோரும் கல்லைப் போட்டுவிட்டுத்தான் அடுப்புக் கடைக்குப் போவார்கள்; நாங்கள் தலைகீழ்.

சின்னவன் ஹாப் என்றான், கல்லுக்குள் பதிக்கிற அடுப்பு. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. அதற்கு ஒரு துளை. நாளைக்கு அது பழுதாகி வேறு வாங்கினால், புதியது அந்தத் துளையில் உட்காராது; மறுபடி அறுக்க வேண்டும். வேண்டவே வேண்டாம், மேலே வைக்கிற மூன்று பர்னர் அடுப்பே போதும் என்றுவிட்டேன். தூக்கி வைத்து அடியில் துடைக்கலாம், பால் பொங்கினால் பதற வேண்டாம். சிம்னி வாங்கியாயிற்று. புகைக்குழாயில் வளைவு கூடினால் இழுவை குறையும் என்பதால் அடுப்பு ஜன்னல் சுவருக்கு மாறியது. இனி நான் மேற்கு பார்த்துத்தான் சமைக்க வேண்டும். இவருடைய சித்தப்பா அதிலிருந்து எங்களோடு பேசுவதில்லை. அது சிம்னி செய்த இரண்டாவது நன்மை.

உயரத்துக்குத்தான் பெரிய சண்டை. படம் வரைகிற பையன் 36 அங்குலத்தில் நின்றான். ஐந்தடிக்காரி நான் முக்காலி போட்டா வெங்காயம் நறுக்குவது? முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே என்று அளந்து 32க்கு இறக்கினேன். கிரைண்டருக்கு அதைவிட அரையடி தாழ்த்தி ஒரு மூலை. குனிந்து வழிக்கவும் வேண்டும், கல்லைத் தூக்கவும் வேண்டும் அல்லவா?

இதில் யாரும் எதிர்பாராதது அத்தைதான். எண்பத்து நாலு வயதில், அடுப்படிக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்காமலே, "பாத்திரம் கழுவுகிற மெஷின் வாங்கு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அறுபது வருடம் சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்தவள் நான். எனக்கு இல்லாத வருத்தம் உனக்கு என்ன?" என்று கேட்டுவிட்டார். நம் போர் தண்ணீரின் உப்புக்குப் பாத்திரமெல்லாம் வெள்ளைப் படலம் கட்டுமே என்று இவர் இழுத்தார். அதற்கென்றே மெஷினுக்குள் தனியாக உப்பு போடுகிற இடம் இருக்கிறதாம், அது கடினத்தை எடுத்துவிடுமாம். பித்தளையும் இரும்புச் சட்டியும் மட்டும் அதற்குள் போகக் கூடாது. அத்தையின் பாத்திரத்தில் பாதி பித்தளை. ஆக, அவருக்கு மெஷின், எனக்குப் புளி.

உன்னிடம் இரண்டு வேலை. எதிர்வீட்டுப் பையனுக்கு ஒரு நல்ல முகமூடி வாங்கிக் கொடுக்க நினைக்கிறேன், போடுவானோ மாட்டானோ. உங்கள் ஊரில் கல் வேலை செய்கிறவர்கள் எதைப் போடுகிறார்கள் என்று உன் மருமகனிடம் கேள். கட்டட வேலைக்காரர், அவருக்குத் தெரியும். வகையைச் சொன்னால் போதும், இங்கே தேடிக்கொள்கிறேன். அடுத்தது சிங்க். ஒற்றைத் தொட்டியா, இரட்டையா? இட்லிப் பானை முழுதாக இறங்க வேண்டும் என்று நான் ஒற்றை என்கிறேன், இவர் இரட்டை. கிடங்குக்காரர் அளவுக்காக நச்சரிக்கிறார். கடிதம் எழுதிக்கொண்டு உட்காராதே, போனில் ஒரு வரி போடு. ஒற்றை என்றே போடு.

உன்
மங்கை