அலமாரிக்குள் ஒரு தோட்டம்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தை இரண்டு நாள்களாக மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சும்மா கிடக்கும் பழைய துணி அலமாரியில் செடி வளர்க்கலாம் என்று உனக்குத் தோன்றியதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. 80 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் ஆழம், 120 சென்டிமீட்டர் உயரம் என்று அளந்து, கீல் முதல் கைப்பிடி வரை குறித்திருக்கிறாய். விளக்கு வரவேண்டிய இடத்தில் மட்டும் ‘ஒரு பல்பு’ என்று எழுதி விட்டுவிட்டாய். கையில் உள்ள சிறிய தொகையில் எதற்கு முதலில் செலவிடுவது என்று கேட்டிருந்தாய் அல்லவா? அந்தப் பல்புக்குத்தான், அம்மா. அலமாரி எவ்வளவு பழையதாக இருந்தாலும் செடிக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. வெளிச்சம் குறைந்தால், நீ செய்யும் மற்ற எல்லா வேலையும் வீணாகிவிடும்.

நானும் முதன்முதலில் ஒரு தட்டில் லெட்டூஸ் என்ற சாலட் கீரையின் விதைகளைத் தூவி, வீட்டுக்குப் போடும் சாதாரண பல்பு ஒன்றைத் தலைக்குமேல் தொங்கவிட்டேன். என் கண்ணுக்கு அந்த இடம் பளிச்சென்றுதான் இருந்தது. முளைத்த நான்காம் நாள் பார்த்தபோது, ஒவ்வொரு நாற்றும் வெளிறிய நூலைப்போல நீண்டு, இரண்டு சிறு வித்திலைகளின் பாரத்தைக்கூடத் தாங்க முடியாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தது. இதில் நம் கண்ணை நம்ப முடியாது. மங்கிய வெளிச்சத்துக்கும் அது தன்னைப் பழக்கிக்கொள்கிறது. ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். மின்விளக்கு எரியும் அறையில் சில நூறு லக்ஸ் இருந்தாலே நமக்குப் போதும். நண்பகல் வெயிலோ ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். இலைக்காக வளர்க்கும் செடிகளுக்கு, வெள்ளை எல்.இ.டி. விளக்கின் கீழ், இலைமட்டத்தில் சுமார் 15,000 லக்ஸாவது நாளுக்கு 14 மணி நேரம் கிடைக்க வேண்டும். கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி துல்லியமாக இராது. ஆனாலும் 2,000 இருக்கிறதா, 15,000 இருக்கிறதா என்று சொல்லிவிடும்.

வாட் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். உன் அலமாரியின் தரைப்பரப்பு 0.36 சதுர மீட்டர். செடிக்குப் பயன்படும் ஒளித்துகள்களை மைக்ரோமோல் என்ற அலகில் எண்ணுவார்கள். லெட்டூஸுக்கு ஒரு சதுர மீட்டருக்கு வினாடிக்கு 250 மைக்ரோமோல் ஒளி என்று வைத்துக்கொண்டால், உனக்குத் தேவை வினாடிக்கு 90 மைக்ரோமோல். ஓரளவு தரமான வெள்ளை எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு வினாடிக்கு 2 மைக்ரோமோல் அளவில் தரும். ஆகவே 45 வாட். சுவரில் வீணாவதையும் சேர்த்தால் 50 முதல் 60 வாட் வரை. 50 வாட் விளக்கு 14 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 0.7 யூனிட், 30 நாளுக்கு 21 யூனிட். உன் மின்கட்டண விகிதத்தால் இதைப் பெருக்கிப் பார்த்துவிட்டு, மாதாமாதம் அது கட்டுப்படியாகுமா என்று முடிவு செய்த பிறகே விளக்கை வாங்கு.

வாங்கும்போது, அட்டைப்பெட்டியில் ‘1000 வாட்டுக்கு இணை’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பொருட்படுத்தாதே. மின் இணைப்பிலிருந்து அது உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எண்தான் உனக்கு வேண்டியது. ஊதா நிறத்தில் ஒளிரும் விளக்குகளும் வேண்டாம். செடிக்குச் சிவப்பும் நீலமும் மட்டுமே பயன்படும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. ஆனால் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 பயிர்வகைகளின் இலைகளை அளந்து 1972-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்குக் கணிசமாகவே உதவுகிறது. வெள்ளை விளக்கில் இந்த நிறங்கள் எல்லாம் இருக்கின்றன. அதோடு, இலை மஞ்சளாகிறதா, அடியில் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்பதை வெள்ளை வெளிச்சத்தில்தான் உன்னால் பார்க்க முடியும்.

விளக்கை ஆணியடித்து நிலையாக மாட்டிவிடாதே. மெல்லிய சங்கிலியில் தொங்கவிட்டால், செடி வளர வளரக் கண்ணி கண்ணியாக உயர்த்தலாம். தொடக்கத்தில் இலைக்கும் விளக்குக்கும் இடையே 25 முதல் 30 சென்டிமீட்டர் இருக்கட்டும். உட்சுவர்களுக்குப் பளபளப்பில்லாத வெள்ளை வண்ணம் இரண்டு கை பூசினால் போதும். நீ குறித்திருக்கும் அலுமினியத் தாள் வேண்டாம். அது கசங்கி வெளிச்சத்தைத் திட்டுத்திட்டாகச் சிதறடிக்கும், மின்சாரத்தையும் கடத்தும்.

எந்தச் செடி என்பதில் ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொள். தக்காளியும் மிளகாயும் காய்க்க இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் கேட்கும், உயரமும் போதாது. லெட்டூஸும், துளசி இனத்தைச் சேர்ந்த பேசிலும் முதல் முறைக்குப் பொருத்தமானவை. புதினாவை ஒரு தண்டிலிருந்தே வளர்க்கலாம். ஆனால் தனித்தொட்டியில் வை, இல்லாவிட்டால் வேர் பரவி மற்றதை நெருக்கிவிடும். கொத்தமல்லி, வெப்பமும் நீண்ட பகலும் சேர்ந்தால் இலை விடுவதை நிறுத்திப் பூக்கத் தொடங்கிவிடும். அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்.

விளக்கு உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும் என்பதால், மூடிய அலமாரி விரைவில் சூடாகும். உன் அலமாரியின் கொள்ளளவு 0.43 கன மீட்டர். பழைய கணினியிலிருந்து கழற்றிய 12 சென்டிமீட்டர் மின்விசிறி ஒன்று, நிமிடத்துக்கு ஒரு முறையாவது அவ்வளவு காற்றையும் மாற்றிவிடும். அதைப் பின்பக்கம் மேலே, காற்றை வெளியே தள்ளும்படி பொருத்து. கீழே எதிர் மூலையில் அதைவிடப் பெரிய திறப்பு ஒன்றை வெட்டி, வலை ஒட்டிவிடு. காற்று அசையாமல் நின்றால் நாற்றழுகல் நோய் வரும். முந்தைய நாள் மாலை நிமிர்ந்து நின்ற நாற்று, காலையில் மண்ணோடு ஒட்டிய இடத்தில் கறுத்துச் சுருங்கிப் படுத்துக் கிடக்கும். பிறகு அதைக் காப்பாற்ற வழியே இல்லை.

தொட்டிக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. 12 சென்டிமீட்டர் ஆழமுள்ள எந்த டப்பாவாக இருந்தாலும் அடியில் ஓட்டை போட்டுக்கொள். தென்னைநார்க் கழிவை இரண்டு முறை நீரில் அலசி உப்பை நீக்கி, அதில் மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரம் கலந்துகொள். தண்ணீரைக் கிழமை பார்த்து ஊற்றாதே. நன்றாக நனைந்த தொட்டியை ஒரு முறை தூக்கிப் பார்த்து, அந்தக் கனத்தைக் கையில் பதித்துக்கொள். பிறகு தினமும் தூக்கிப் பார். அது இலேசாகிவிட்டது என்று கை உணரும் நாளில் மட்டும் ஊற்று. தொடங்குபவர்கள் இழக்கும் செடிகளில் பெரும்பாலானவை நீர் மிகுந்து வேர் அழுகிப் போனவையே.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கப் போகின்றன. பிளக்குகள் மாட்டும் பலகை அலமாரிக்கு வெளியே, தொட்டிகளைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஒயரும் பிளக்கை அடைவதற்கு முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேற வேண்டும். அப்போதுதான் ஒயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அந்த இணைப்பில் இருக்கிறதா என்று மின்பணியாளர் ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொள். இல்லையென்றால், மற்ற எதைக் குறைத்தாவது முதலில் அதைப் பொருத்து. விளக்கை ஏற்றி அணைக்க டைமர் ஒன்றும் வாங்கு. நீ வெளியூர் போனாலும் செடியின் பகலும் இரவும் மாறாது.

எல்லாம் பொருத்தியதும் உடனே விதைக்காதே. காலி அலமாரியிலேயே, கதவை மூடி, விளக்கையும் விசிறியையும் இரண்டு நாள் ஓடவிடு. ஒரு வெப்பமானியை, இலைகள் வரப்போகும் உயரத்தில், வெளிச்சம் நேரடியாகப் படாதபடி ஓர் அட்டையால் மறைத்து வை. விளக்கு அணையும் நேரத்திலும் மீண்டும் எரியும் நேரத்திலும் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுது. பகலில் 26 டிகிரிக்கு மேல் போகாவிட்டால் லெட்டூஸை விதைத்துவிடலாம். போனால் பேசிலில் தொடங்குவோம். நான்கு மூலைகளிலும் நடுவிலும் லக்ஸ் அளந்து, அந்த ஐந்து எண்களையும் அதே தாளில் எழுதி அனுப்பு. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா