பழைய கப்பலை இன்னும் எத்தனை வருடம் ஓட்டுவது?

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்தபோது பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு வேலை மாற்றம், அதனால் வீடு மாற்றும் அலைச்சல். அதைத் தவிர சொல்லும்படி ஒன்றும் இல்லை.

நீ வேலை பார்த்த கப்பலுக்கு மறுபடியும் ஆயுள் நீட்டிப்பு கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். "புதிது வாங்கப் பணம் இல்லை என்றால் இருப்பதைச் சரி பண்ணி ஓட்டுவதுதானே புத்திசாலித்தனம்?" என்று உன் மருமகன் கேட்டதையும் எழுதியிருந்தாய். நியாயமான கேள்விதான். வரிப்பணம் எல்லாவற்றுக்கும் போதாது. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் காத்திருக்கும்போது போர்க்கப்பலுக்குக் கொட்டிக் கொடு என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் தள்ளிப்போட்ட செலவுக்கு வட்டி உண்டு. அந்த வட்டி எந்த பட்ஜெட் தாளிலும் தனி வரியாக வருவதில்லை. பல வருடம் விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கரில் நின்று அதைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

விமானத்தில் விரிசல் தேடுவதை நீ பக்கத்தில் இருந்து பார்த்திருக்க மாட்டாய். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பெயின்ட்டை எடுத்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, சிவப்புச் சாயம் பூசுவோம். கொஞ்ச நேரம் ஊற விட்டு, மேலே இருக்கும் சாயத்தைத் துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தெளிப்போம். அந்த இடமே வெள்ளையாகிவிடும். பிறகு பேசாமல் நின்று பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய சாயம் மெல்லக் கசிந்து வெளியே வரும். ரிவெட் துளையின் விளிம்பில் ஆரம்பித்து தலைமுடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு. புது விமானத்தில் வருடக்கணக்காகத் தேடினாலும் அது கண்ணில் படாது. வயதான விமானத்தில் ஒன்று தெரிந்தால், அதே இடத்தை அதே வகை விமானங்கள் அத்தனையிலும் சோதிக்க வேண்டும். அதுவரை எதுவும் பறக்கக் கூடாது. அப்புறம் அந்தப் பாகத்துக்கு மாற்று வேண்டும். செய்த தொழிற்சாலை மூடியிருக்கும். கடைசியில் மூலையில் நிற்கும் இன்னொரு விமானத்திலிருந்து கழற்றி இதில் மாட்டுவோம். ஒரு பாகத்துக்கு இரண்டு முறை உழைப்பு, கழற்றும்போது பக்கத்தில் இருப்பது உடைகிற ஆபத்து வேறு.

உங்கள் தொழிலும் அப்படித்தான். தண்ணீர் வடித்த டிரை டாக்கில் ஏற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, ஜெல் தடவி, ஒலி அலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் கேஜை வைத்துத் தகட்டின் கனத்தை அளக்கும் வரை யாருக்கும் உண்மை தெரியாது. பிரிட்டனின் டைப் 23 ஃப்ரிகேட்டுகள் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்கள்) 18 வருடம் ஓடினால் போதும் என்று வடிவமைத்தவை. மாற்றுக் கப்பல் தள்ளிக்கொண்டே போனதால் 30 வருடத்தையும் தொட்டு ஓடின. அவற்றில் 1994-இல் சேவைக்கு வந்த நார்தம்பர்லண்டை ரீஃபிட் என்னும் பெரிய பராமரிப்புக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தபோது உடல் அமைப்பே கெட்டுப்போயிருந்தது. சரி செய்வது கட்டுப்படியாகாது என்று 2024-இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆயுள் நீட்டிப்புக்கு எவ்வளவு பணம் ஆகும், அதற்கு எத்தனை வருடம் கிடைக்கும் என்பதெல்லாம் பிரித்த பிறகுதான் தெரிகிறது. முதலில் எழுதும் மதிப்பீடு பெரும்பாலும் நம்பிக்கையில் எழுதியது.

இதற்கு மாறான உதாரணம் உண்டு, அதையும் சொல்லாமல் விடுவது சரியாகாது. அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம். கடைசி விமானம் தொழிற்சாலையை விட்டு வந்தது 1962-இல். இப்போது ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின் மாட்டி 2050-களிலும் பறக்க வைக்கப் போகிறார்கள். ஆனால் அது எதிரியின் வான்பாதுகாப்புக்கு வெளியிலிருந்து ஏவுகணை வீசும் வேலைக்குப் போதுமான விமானம். வயதைத் தாங்கும் கட்டுமானம், மாறாத வேலை, பராமரிப்புக்குக் கணக்குப் பார்க்காத பணம் என்று மூன்றும் சேர்ந்து வாய்த்தது அதற்கு. உப்புத் தண்ணீரில் கிடக்கும் கப்பலுக்கும், ஒவ்வொரு நாளும் வளைந்து திரும்பிப் பறக்கும் போர் விமானத்துக்கும் அந்த மூன்றும் சேர்ந்து வாய்ப்பது அபூர்வம்.

கனடாவின் கதை எனக்கு எப்போதும் வருத்தம் தரும். 1963-இல் வாங்கிய சீ கிங் ஹெலிகாப்டர்களுக்கு மாற்றாக ஈஎச்-101 என்ற புது ஹெலிகாப்டருக்கு ஆர்டர் போட்டிருந்தார்கள். 1993-இல் ஆட்சி மாறியதும் செலவு அதிகம் என்று ரத்து. ரத்துக்கே கிட்டத்தட்ட 50 கோடி கனடிய டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. வேறு ஹெலிகாப்டருக்கு ஒப்பந்தம் போட்டது 2004-இல். கடைசி சீ கிங் இறங்கியது 2018-இல். 55 வருடம்! இடைப்பட்ட காலத்தில் அதில் ஏறிப் பறந்த இளைஞர்களையும், இரவெல்லாம் விழித்து அதைத் தயார் செய்த மெக்கானிக்குகளையும்தான் நினைத்துக்கொள்வேன். மிச்சம் பிடித்தது மேலே இருப்பவர்கள், ஈடுகட்டியது இவர்கள் உழைப்பு.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். இயந்திரம் போனால் வாங்கிக்கொள்ளலாம், கைப்பழக்கம் போனால் வாங்க முடியாது. 2010-இல் பிரிட்டன் நிம்ரோட் கடல் ரோந்து விமானத் திட்டத்தைக் கைவிட்டது. பழையவை அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன, புதியவை முடியும் தறுவாயில் இருந்தும் வெட்டிப் போடப்பட்டன. நான்கு பக்கமும் கடல் உள்ள நாட்டில் நீர்மூழ்கி தேட ஒரு பெரிய விமானம் இல்லை. ஸ்காட்லாந்துக் கரையோரம் நீர்மூழ்கி இருக்குமோ என்று சந்தேகம் எழுந்தபோது நட்பு நாடுகளின் விமானங்களை வரவழைக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பி-8 ரோந்து விமானம் பிரிட்டனுக்கு வந்து சேரத் தொடங்கியது 2020-இல்தான். ஆனால் அந்த வெறுமையிலும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். விமானமே இல்லாத அந்த ஊழியர்களில் சிலரை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து படைகளுக்கு அனுப்பி, அங்குள்ள விமானங்களில் பறக்க வைத்தார்கள். விதைநெல்லை எடுத்து வைப்பது என்று பொருள்படும்படி அந்தத் திட்டத்துக்கு சீட்கார்ன் என்று பெயர். கடலுக்கடியில் ஒலி கேட்கும் சோனார் மிதவையைப் போட்டுவிட்டு, காதில் வரும் சத்தத்தில் எது மீன்கூட்டம், எது புரொப்பெல்லர் என்று பிரித்தறிகிற ஆளை ஆறு மாதப் பயிற்சியில் உருவாக்க முடியாது. அந்தச் சிலர் இருந்ததால்தான் புது விமானம் வந்தபோது ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் பணம் குறைவாக உள்ள நாடு என்னதான் செய்வது? நான் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது டென்மார்க் செய்தது. 1980-களில் அவர்களிடம் மூன்று வகைச் சிறு கப்பல்கள், மொத்தம் 22, ஒரே சமயத்தில் வயதாகி நின்றன. தாக்குதல் படகு, ரோந்துப் படகு, கண்ணிவெடி அகற்றும் கப்பல். ஒன்றுக்கு ஒன்று மாற்றப் பணம் இல்லை. எனவே ஒரே மாதிரி உடலில் 14 கப்பல் கட்டினார்கள், ஃப்ளூவஃபிஸ்கன் வகை. துப்பாக்கி, ஏவுகணை, கண்ணிவெடிக் கருவி எல்லாவற்றையும் ஏறக்குறைய 3 மீட்டர் நீளமும் 3.5 மீட்டர் அகலமும் உள்ள பெட்டிகளில் அமைத்தார்கள். கப்பல் தளத்தில் அதே அளவில் குழி. கிரேனால் ஒரு பெட்டியைத் தூக்கிவிட்டு இன்னொன்றை இறக்கினால் அரை மணி நேரத்தில் முடியும், அதன்பின் சோதனை.

நடைமுறையில் நினைத்த அளவுக்கு அடிக்கடி மாற்றவில்லை. கருவியை மாற்றலாம், அதை இயக்கப் பழகிய ஆட்களையும் கூடவே மாற்ற வேண்டுமே! ஆனால் எதிர்பாராத இடத்தில் லாபம் கிடைத்தது. ஆயுதமும் உடலும் ஒன்றோடொன்று கட்டிப்போடப்படாததால், ஒன்றுக்கு வயதானால் மற்றதைக் கூடவே தூக்கி எறிய வேண்டியதில்லை. பழைய கப்பல் போகும்போது பெட்டியைக் கழற்றி அடுத்த கப்பலில் இறக்கினார்கள். பின்னால் கட்டிய பெரிய ஃப்ரிகேட்டுகளிலும் பழைய கப்பல்களின் ஆயுதங்கள் ஏறின. அதனால் மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைந்த விலையில் பெரிய கப்பல் கிடைத்தது.

கதை அதோடு முடியவில்லை. 2024 மார்ச்சில் அந்த ஃப்ரிகேட்டுகளில் ஒன்றான ஈவர் ஹுயிட்ஃபெல்ட் செங்கடலில் ட்ரோன்களை எதிர்கொண்டது. ஏவுகணை அமைப்பு அரை மணி நேரம் வேலை செய்யவில்லை. 76 மில்லிமீட்டர் குண்டுகள் பல, இலக்கை அடையும் முன்பே வெடித்தன. அவை 30 வருடப் பழைய குண்டுகள். ட்ரோன்களை வீழ்த்திவிட்டார்கள், ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதை அமைச்சருக்குத் தெரிவிக்கவில்லை என்று படைத்தலைவர் பதவி இழந்தார். கப்பலைச் சிக்கனமாகக் கட்டியது தப்பில்லை. கட்டிய பிறகு குண்டுக்கும், மென்பொருளுக்கும், பயிற்சிக்கும் போட வேண்டிய பணத்தையும் சேர்த்துக் குறைத்ததுதான் தப்பு. ஒரு கப்பலின் ஆயுள் முழுக்க ஆகும் செலவில் சுமார் 70 சதவீதம் வாங்கிய பிறகு ஆவது. விழாவில் ரிப்பன் வெட்டும்போது தெரியும் விலை மிச்சமுள்ள 30 சதவீதம்தான். உன் மருமகன் கணக்கு வேலையில் இருப்பவர், இது அவருக்குச் சட்டென்று பிடிபடும்.

நியூசிலாந்து வேறு வழியில் போனது. 2000-இல் எஃப்-16 போர் விமானக் குத்தகையை ரத்து செய்து, 2001-இல் இருந்த ஸ்கைஹாக் போர் விமானங்களின் ஸ்குவாட்ரன்களையே (படைப்பிரிவுகளையே) கலைத்துவிட்டார்கள். போர் விமானமே வேண்டாம், ரோந்தும் போக்குவரத்தும் போதும் என்று முடிவு. பலர் திட்டினார்கள். பக்கத்தில் பெரிய எதிரி இல்லாத, கடல் சூழ்ந்த நாடு என்பதால் அவர்களுக்கு அது முடிந்தது, எல்லோராலும் முடியாது. இருந்தாலும் எனக்கு அந்த முடிவில் மரியாதை உண்டு. பாதி விமானம் பறக்காமல், பைலட்டுக்குப் பறக்கும் மணி நேரம் கிடைக்காமல், பெயருக்கு ஒரு போர்ப் படை வைத்திருப்பதைவிட அது நேர்மையானது. பத்து கப்பலைப் பேருக்கு வைத்துக்கொண்டு மூன்றை மட்டும் கடலுக்கு அனுப்புவதைவிட, ஆறை வைத்து நான்கை முழுத் தகுதியோடு அனுப்பலாம் என்பது என் கட்சி. எண்ணிக்கை குறைந்தால் கப்பல்படைத் தளபதிக்குச் சங்கடம், அரசுக்கும் சங்கடம். ஆனால் கடலில் இருக்கும் ஆளுக்கு எண்ணிக்கை உதவாது.

பிலிப்பைன்ஸ் நடுவழியில் போனது. 1943-இல் அமெரிக்கா கட்டிய ராஜா ஹுமாபோன் என்ற போர்க்கப்பலை 2018 வரை ஓட்டினார்கள். போர் விமானம் 2005-க்குப் பிறகு பத்து வருடம் இல்லவே இல்லை. ஆசைக்குப் பெரிய விமானம் தேடாமல் கொரியாவின் எஃப்ஏ-50 12 வாங்கினார்கள், இலகு ரகம்தான். கொரியாவிலேயே கட்டிய இரண்டு ஃப்ரிகேட்டுகளும் வந்தன. இப்போது அடுத்த 12 விமானத்துக்கும் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் சின்னதாகத் தொடர்ந்து வாங்கினால் ஸ்பேரும் பயிற்சியும் ஒன்றாகிவிடும்.

ஏற்கெனவே ஓடும் வடிவமைப்பை வாங்குவது என்றால், வாங்கியபடியே விட வேண்டும். அமெரிக்கா இத்தாலிய ஃப்ரிகேட் வடிவமைப்பை எடுத்து கான்ஸ்டலேஷன் என்று பெயர் வைத்து, பழையது பெயருக்கு மட்டும் மிஞ்சும் அளவுக்கு மாற்றிக்கொண்டே போனது. 2025 நவம்பரில் கட்டிக்கொண்டிருக்கும் இரண்டோடு நிறுத்துவதாக அறிவித்தார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மனமில்லை.

மிக்-21 விடைபெற்றதை நீயும் பார்த்திருப்பாய். இந்திய விமானப்படையில் 1963-இல் வந்தது, 2025 செப்டம்பர் 26-இல் சண்டிகரில் ஓய்வு. அதற்கு மாற்றாக நினைத்த தேஜாஸ் திட்டம் 1983-இல் தொடங்கி, 2001-இல் முதல்முறை பறந்து, 2016-இல் ஸ்குவாட்ரனுக்கு வந்தது. மாற்று வேண்டும் என்று முடிவெடுக்கும் நாளுக்கும் அது வரிசையில் நிற்கும் நாளுக்கும் இடையே ஒரு தலைமுறையே போய்விடுகிறது. பழையது நன்றாக ஓடும்போதே புதியதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில்தான் அதற்கு யாருக்கும் மனசு வராது.

ட்ரோன் வந்துவிட்டது, இனிப் பெரிய கப்பலும் விமானமும் எதற்கு என்று கடைசியில் எழுதியிருந்தாய். இதில் உன்னோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். 2022 ஏப்ரலில் ரஷ்யப் போர்க்கப்பல் மாஸ்க்வா உக்ரைனின் ஏவுகணையால் மூழ்கியதும், சொல்லும்படி கப்பல்படை இல்லாத உக்ரைன் கடல் ட்ரோன்களை வைத்து ரஷ்யக் கப்பல்கள் பலவற்றை கருங்கடல் துறைமுகமான செவஸ்தபோலை விட்டு நகர வைத்ததும் பெரிய விஷயம்தான். கரையோரக் காவலுக்குப் பணம் குறைந்த நாடு இனி அந்தப் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் நடுக்கடலில் புயலில் மாட்டிய மீனவர்களைத் தூக்க, வாரக்கணக்கில் ஒரு வணிகப் பாதையைக் காக்க, கப்பலும் அதில் ஆளும் வேண்டும். நீ கடலில் இருந்தவன், எந்த வேலையை ட்ரோனிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று என்னைவிட உனக்குத்தான் தெரியும். அடுத்த கடிதத்தில் அதை விரிவாக எழுது. உங்கள் கப்பலில் நீங்கள் நாள்தோறும் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதினால் ரொம்ப நல்லது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்