முதலில் கொஞ்சம் விற்றுப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. வேலை அதிகம் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நம் கூட்டுக் கணக்கிலிருந்து நீ கிரிப்டோ காயின் வாங்கப் பணம் எடுக்கும் குறுஞ்செய்திகள் என் போனுக்கும் வருகின்றன. அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. மாடி வேலையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

பிட்காயினும் எத்திரியமும் அசையாமல் கிடக்க, ஒரு சின்ன காயின் மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக 44 சதவீதம் ஏறினால், ஊரே வாங்குகிறது என்று நினைக்காதே. கணக்குப் போட்டுப் பார். வாங்குவதற்கும் விற்பதற்கும் டாலரையும் காயினையும் சேர்த்துப் போட்டு வைத்திருக்கும் இருப்புக்குத்தான் பூல் என்று பெயர். அதன் பூலில் 50,000 டாலர், 50,000 காயின். விலை 1 டாலர். ஒருவர் 10,000 டாலருக்கு வாங்குகிறார். இரண்டு பக்கத்தையும் பெருக்கினால் வரும் தொகை மாறக்கூடாது என்பதால், கட்டணம் போக்காமலே அவருக்குக் கிடைப்பது 8,333 காயின்தான். பூலில் இப்போது 60,000 டாலர், 41,667 காயின். டாலரைக் காயினால் வகுத்தால் விலை 1.44. ஒரே ஆள் செய்த வேலை இது. அதே பணம் பிட்காயினில் விழுந்தால் சுவடே தெரியாது.

விற்கும்போதும் இதே கதிதான். முதலில் சொன்ன அதே 50,000 டாலர், 50,000 காயின் பூலில் 10,000 காயினை மொத்தமாக விற்றால் கைக்கு 8,333 டாலர், விலை 0.69க்கு இறங்கிவிடும். ஆப்பில் தெரியும் மதிப்பு கைக்கு வராது. அதனால் முதலில் கொஞ்சம் விற்றுப் பார். 2021 நவம்பரில் ஸ்க்விட் என்ற காயின் 2,800 டாலரைத் தாண்டியது. வாங்கியவர்களால் விற்க முடியவில்லை, சில நிமிடங்களில் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. காயினை உருவாக்கியவர்கள் எடுத்துக்கொண்டு ஓட முடியாதபடி பூல் பணம் பூட்டப்பட்டிருக்கிறதா, எது வரைக்கும், புதிதாகக் காயின் அச்சடிக்கும் உரிமை யார் கையில், அதிகக் காயின் வைத்திருக்கும் முதல் பத்து வாலட்டில் (காயின் கணக்கில்) எவ்வளவு குவிந்திருக்கிறது, பூட்டி வைத்த காயின் வெளியே வரும் அடுத்த அன்லாக் என்றைக்கு: இவ்வளவையும் பரிமாற்றங்களைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் தளத்திலும் திட்டத்தின் ஆவணத்திலும் நீயே பார்க்கலாம். பிளஸ் டூவில் கணக்குக்கு டியூஷனே போகாதவள் நீ. இதை மட்டும் ஏன் அடுத்தவர் சொல்லிக் கேட்கிறாய்?

வரியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காயினில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நஷ்டம் என்றால் உன் கையில் ஒன்றுமில்லை. ஆனாலும் 2022 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி நஷ்டத்தைக் கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது. லாபத்துக்கு 30 சதவீத வரியும், அந்த வரியின் மேல் போடும் செஸ்ஸும் சேர்த்து 31,200 ரூபாய் கட்ட வேண்டும். காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச், நீ விற்கும்போது முன்கூட்டியே பிடிக்கும் வரியான 1 சதவீத டிடிஎஸ் லாப நஷ்டம் பார்க்காது. அதை ரிட்டர்னில் மறக்காமல் காட்டு. ஐடிஆர் 1 படிவம் ஆகாது, ஐடிஆர் 2 போடு.

கடன் வாங்கி மட்டும் போடாதே. பெரியப்பா வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும். திரும்பவும் சொல்கிறேன், இன்றைக்கே கொஞ்சம் விற்றுப் பார். பணம் வங்கிக்கு வந்து சேருகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். எக்ஸ்சேஞ்சிலிருந்து வர்த்தக அறிக்கையை இறக்கி எனக்கு அனுப்பு. நஷ்டக் கணக்காக இருந்தாலும் அனுப்பு.

அம்மா