ஜோசப் காவோவுக்கு மட்டக்களப்பிலிருந்து ஒரு கடிதம்

மதிப்புக்குரிய காவோ ஐயா,

உங்களுக்கு என்னைத் தெரியாது. ஆனால் மட்டக்களப்பு என்ற பெயர் எப்போதாவது உங்கள் காதில் விழுந்திருக்கலாம். நீங்கள் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நியூ ஓர்லியன்ஸ் தொகுதியின் குடியரசுக் கட்சி உறுப்பினராக இருந்தவர். அதற்கு முன் குருவாகப் போவதென்று இயேசு சபையில் சேர்ந்து சில வருடங்கள் படித்தவர். அதே சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்துக் குருமார்தான் 1940களின் கடைசியிலிருந்து எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்தார்கள். பின்னேரம் பந்தோடு போகிற எந்தப் பொடியனையும் மறித்து எங்கே போகிறாய் என்று கேளுங்கள், "வெபர் மைதானத்துக்கு" என்பான். அந்த வெபர் ஃபாதர் உங்கள் நகரத்துக்காரர். லூசியானாவிலிருந்து வந்த இன்னொருவர் ஹேபர்ட் ஃபாதர். 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் வந்து சேரவேயில்லை. 2005இல் கத்ரீனாப் புயல் உங்கள் வீட்டையும் மூழ்கடித்தபோது எங்கள் கல்லடிக் கரையில் சுனாமி வந்துபோய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கூரைமேல் ஏறி நின்று கையசைத்த சனத்தை டிவியில் பார்க்க முடியாமல் அக்கா எழும்பிப் போனது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹூஸ்டனில் இருக்கும் என் பெறாமகன் போனமாதம் தொலைபேசியில் காப்புறுதிக் காசைப் பற்றி ஒரு மணித்தியாலம் புலம்பினான். அந்தப் புலம்பலுக்குள் உங்கள் பெயரும் வந்தது. "எல்லாரும் ஒரு பக்கம் நிக்க, ஒரே ஒரு ஆள் மட்டும் மற்றப் பக்கம் போனவர் சித்தப்பா" என்றான்.

2009 நவம்பர் 7 இரவு, ஒபாமாவின் சுகாதாரக் காப்புறுதிச் சட்டமூலம் பிரதிநிதிகள் சபையில் 220க்கு 215 என்று நிறைவேறியது. ஜனநாயகக் கட்சிக்காரர் 39 பேர் தங்கள் கட்சியையே எதிர்த்தார்கள். குடியரசுக் கட்சியில் ஆதரித்தது நீங்கள் ஒருவர்தான். பதினொரு மாதம் முன்பு நீங்கள் வென்ற கையோடு "எதிர்காலம் காவோதான்" என்று எழுதிக் கொண்டாடிய உங்கள் கட்சித் தலைவரின் முகம் அன்றிரவு எப்படி இருந்ததோ!

ஏன் போனீர்கள் என்று விளங்கிக்கொள்வது கடினமில்லை. 2008இல் முக்கால்வாசிப் பேர் ஒபாமாவுக்கு வாக்களித்த தொகுதி அது. ஏழைகள் நிறைந்த தொகுதி. 1736இல் தொடங்கிய சரிட்டி ஆஸ்பத்திரி, கையில் காசில்லாதவர்கள் நம்பிப் போன இடம், கத்ரீனாவோடு மூடினது மூடினதுதான். எட்டு வயதில் தாயை விட்டு, தகப்பன் சிறையில் கிடக்க, வியட்நாமிலிருந்து கிளம்பி வந்தவருக்கு ஒன்றுமில்லாதவர்களின் கணக்கு தெரிந்திருக்கும்.

எங்கள் பக்கத்துக் கணக்கு வேறு. இங்கே அரச ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கும் காசில்லை, டொக்டருக்கும் காசில்லை. 1971இல் வெளிநோயாளர் துண்டுக்கு 25 சதம் அறவிடப் பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. இலவச வைத்தியத்தில் கைவைக்கிறேன் என்று மேடையில் சொல்லும் துணிவு எந்தக் கட்சிக்கும் கிடையாது. ஆனால் 2022இல் அக்காவின் ஒப்பரேஷனுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தாதி ஒரு துண்டை நீட்டினார்: ஊசி மருந்து, தையல் நூல், இன்னும் என்னவோ இரண்டு, எல்லாம் வெளியில் வாங்கி வரவேண்டும். முதல் மூன்று பார்மசியில் நூல் இல்லை. நாலாவதில் இருந்தது, விலையைக் கேட்டுவிட்டு அக்காவின் தோட்டை அடகுவைக்கப் போனேன். "காசு கேக்காத ஆஸ்பத்திரி நூலைக் கேக்குது பாத்தியா" என்று படுத்த கட்டிலிலிருந்தே சிரித்தா அவ. தாதியிலும் பிழையில்லை. நாட்டில் டொலர் இல்லை, மருந்தும் இல்லை.

அந்த நூலுக்காக எந்தப் பாராளுமன்ற உறுப்பினராவது கட்சிக் கட்டளையை மீறிக் கையுயர்த்தினாரா என்று யோசித்துப் பார்த்தேன். நான் அறிய இல்லை.

கட்சி மாறுவது என்னவோ எங்களுக்குப் புதினமே இல்லை. எங்கள் பாராளுமன்றத்தில் 225 பேர், பெரும்பான்மைக்கு 113 வேண்டும். 2018இல் ஒரே நேரத்தில் இரண்டு பிரதமர்கள் இருந்த நாட்களில் அந்த 113ஐத் தேடி நாடே அலைந்தது. ஓர் உறுப்பினரின் விலை 50 கோடி ரூபாய் வரை போனதாக அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவே சொன்னார். அந்த நாட்களில் எங்கள் மாவட்டத்து உறுப்பினர் ஒருவரும் தன் கட்சி வரிசையை விட்டுப் போய்ப் பிரதி அமைச்சராகப் பதவியேற்றார். ஏன் போனார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம். இன்னொருவர் கட்சி முடிவை மீறி வரவுசெலவுத் திட்டத்துக்கு வாக்களித்து, கட்சி நீக்கி, அந்த நீக்கம் செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிக் கதிரையை இழந்தார். பெயர்கள் ஊருக்கே தெரியும், நான் எழுதத் தேவையில்லை.

இதையெல்லாம் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் உங்கள் வாக்கைப் பார்த்தேன். பெறாமகன் சொல்லாமல் விட்ட ஒன்றும் அதில் இருந்தது. சட்டமூலம் நிறைவேற 218 வேண்டும். அந்த 218 விழுந்த பிறகுதான் நீங்கள் உங்கள் வாக்கைப் போட்டிருக்கிறீர்கள். முதலில் எனக்குச் சப்பென்று போய்விட்டது. வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றைக் கடந்த கதைதானே என்று நினைத்தேன்.

அப்புறம் யோசிக்க யோசிக்க வேறு மாதிரித் தெரிந்தது. எங்கள் ஊரில் 113வது ஆளுக்குத்தான் விலை. 114வது ஆளை யார் தேடுவார்கள்? உங்கள் வாக்கு அன்று ஒருவருக்கும் தேவைப்படவில்லை. போடாமலே இருந்திருந்தாலும் சட்டமூலம் போயிருக்கும், கட்சியிலும் நல்ல பிள்ளையாக இருந்திருப்பீர்கள். தேவைப்படாத வாக்கை விற்க முடியாது. விற்க முடியாத ஒன்றைக் கொடுத்துவிட்டு அதே கட்சியில், அதே கதிரையில் இருந்தீர்கள். இதை வீரம் என்று சொல்லமாட்டேன். எங்கள் பாராளுமன்றத்தில் நான் காணாத ஒன்று என்று மட்டும் சொல்வேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லையே. கருக்கலைப்புக்கு அரச காசு போகக்கூடாது என்ற திருத்தம் நிறைவேறிய பிறகுதான் நவம்பரில் ஆம் என்றீர்கள். 2010 மார்ச் 21 அன்று மேல்சபையான செனட் நிறைவேற்றிய சட்டமூலம் உங்கள் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது அந்தத் திருத்தம் அதில் இல்லை. திருத்தத்தைக் கொண்டுவந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஸ்டூபாக்கே, கருக்கலைப்புக்கு அரச காசு போகாது என்ற ஒபாமாவின் நிறைவேற்று ஆணையை நம்பி இறங்கிவந்தார். நீங்கள் இறங்கவில்லை. 219க்கு 212. உங்கள் வாக்கு 'இல்லை' என்ற பக்கத்தில். இயேசு சபையில் படித்த பாடம் உங்களை விடவில்லை என்று விளங்குகிறது, நான் அதற்கு உடன்படவில்லை. சரிட்டி ஆஸ்பத்திரி மூடிக்கிடந்த நகரத்தின் பிரதிநிதி அன்று கொஞ்சம் வளைந்திருக்கலாம் என்பதே என் எண்ணம். அந்த நவம்பரில் தேர்தலிலும் தோற்றீர்கள். கட்சிக்கும் முழுதாக ஆகாமல் தொகுதிக்கும் முழுதாக ஆகாமல் போன ஆளை எந்தச் சனம் திரும்ப அனுப்பும்?

இரண்டு தடவையும் முடிவு உங்கள் கையில் இருக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். 2009 நவம்பர் 7 இரவு எண்ணிக்கை 217இல் நின்று, மீதி எல்லாரும் வாக்களித்து முடித்து, மொத்தச் சபையும் உங்கள் கதிரையைத் திரும்பிப் பார்த்திருந்தால், எந்தப் பொத்தானை அழுத்தியிருப்பீர்கள்?

பதிலை எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்கமாட்டேன். என்றாவது இந்தப் பக்கம் வந்தால் பின்னேரம் வெபர் மைதானத்துக்கு வாருங்கள். நான் ஐந்தரைக்குப் பிறகு அங்கேதான் இருப்பேன், தேத்தண்ணி என் செலவு.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஒரு வாசகன்