பேத்தியின் செல்ஃப் சந்தேகம்

ஏற்காடு

அன்புள்ள நண்பா,

முழங்கால் வலி குறைந்து அஸ்தம்பட்டி ரவுண்டானா வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே மார்ச் மழை நன்றாகவே பெய்தது. காபித் தோட்டமெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது.

ரிஃப்ளெக்சிவ் ப்ரோனவுன், அதாவது செய்தவரையே திரும்பக் குறிக்கும் ஆங்கில 'செல்ஃப்' சொற்கள், பேத்தி மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். சாயங்காலம் என்னிடம் படிக்க வரும் எஸ்டேட் பிள்ளைகளுக்கும் இதே பாடுதான். மைசெல்ஃப், யுவர்செல்ஃப் என்று எட்டையும் கடகடவென ஒப்பிப்பார்கள். வாக்கியத்தில் வைக்கச் சொன்னால் திணறுவார்கள். அந்தப் பட்டியலை உருப்போட வைப்பதே வீண் என்பது என் கட்சி. தமிழில் நாம் எப்படிப் பேசுகிறோம் என்று முதலில் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

போன வாரம் 'அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டார்கள்' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். பலர் 'தே பீட் தெம்செல்வ்ஸ்' என்று எழுதினார்கள். இரண்டு பையன்களை எழுப்பி, எழுதியதை அப்படியே நடித்துக் காட்டச் சொன்னேன். அவனவன் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான். பலகையில் 'ஈச் அதர்' என்று மாற்றினேன். உடனே ஒருவன் தோளில் மற்றவன் குத்தினான். அதற்கப்புறம் விளக்கமே தேவைப்படவில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொள்வதற்கும் சண்டையில் அடித்துக்கொள்வதற்கும் நமக்கு ஒரே 'கொள்' போதும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல் வேண்டும்.

இருவர் என்றால் ஈச் அதர், அதற்கு மேல் ஒன் அனதர் என்று நாம் படித்த விதியை நான் வற்புறுத்துவதில்லை. ஆங்கில நடைக்குக் கையேடு எழுதிய ஃபவுலரே 1926-லேயே அதை ஏற்கவில்லை.

பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'குமார் தன்னைத் திட்டினான் என்று ரவி சொன்னான்.' திட்டு வாங்கியது யார்? நம் காதுக்கு ரவிதான். நம் 'தன்' உள்வாக்கியத்தைத் தாண்டிப் போய் வெளியே இருக்கும் எழுவாயைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த தமிழ் வழக்கு இது. ஆங்கில ஹிம்செல்ஃப் அவ்வளவு தூரம் போகாது. 'ரவி செட் தட் குமார் ஸ்கோல்டட் ஹிம்செல்ஃப்' என்றால் குமார் தன்னையே திட்டிக்கொண்டான் என்றாகிவிடும். ரவியைக் குறிக்க வெறும் 'ஹிம்' போட வேண்டும். ஆகவே பேத்தியிடம், பக்கத்து வினையைப் பார், அதன் எழுவாய் யார் என்று கேள், செய்தவரும் பட்டவரும் ஒருவரே என்றால் செல்ஃப் போடு என்று சொல். 'மைசெல்ஃப் ரவி' என்ற அறிமுகம் ஏன் நிற்காது என்பதும் அவளுக்கே விளங்கிவிடும். 'கலெக்டர் ஹிம்செல்ஃப் கேம்' என்பது தனி வகை, நம் 'கலெக்டரே வந்தார்' மாதிரி அழுத்தத்துக்கு வருவது. அதை இப்போது கலக்காதே.

நீ அனுப்பிய அவள் கட்டுரையையும் படித்தேன். எங்கள் ஊர்க் காட்சிமுனையான பகோடா பாயின்ட்டைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறாள். கடைசியில் மட்டும் 'வி எஞ்சாய்ட் எ லாட்' என்று முடித்திருக்கிறாள். எஞ்சாய்க்குச் செயப்படுபொருள் வேண்டும். 'எஞ்சாய்ட் அவர்செல்வ்ஸ்' என்றோ 'எஞ்சாய்ட் தி ட்ரிப்' என்றோ திருத்தச் சொல்.

கோடை விழா சமயத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. அதற்கு முன்பே அவளைக் கூட்டிக்கொண்டு வா. மிளகு காய்ந்து தயாராக இருக்கிறது, வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

அன்புடன்,
உன் பக்கத்து பெஞ்சுக்காரன்