எத்தனை நாள் கணக்குன்னு போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன இதழ்ல ஆப்ஷன் டிரேடிங் (முன்னாடியே பேசின விலைக்கு வாங்குற, இல்ல விக்கிற உரிமைய வாங்கி விக்கிறது) பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், புரியுற மாதிரிதான் எழுதியிருக்காங்க, ஆனா டாலருக்கும் நம்ம தென்னாப்பிரிக்க ராண்டுக்கும் உள்ள விலையோட வொலட்டிலிட்டி, அதாவது விலை எவ்ளோ ஏறி இறங்குதுங்கிற அளவு, இப்ப கம்மி, அதனால ஆப்ஷன வித்து பிரீமியம், அதாவது அந்த உரிமைக்கான காசு, வாங்கிக்கலாம்னு ஒரு இடத்துல வருது பாருங்க, அங்கதான் எனக்கு மனசு கேக்கல. எத்தனை நாள் விலைய வச்சு அந்தக் கணக்கு போட்டாங்கன்னு ஒரு வரிகூட இல்ல.

இதே பேச்ச 2015ல எங்க அண்ணன் மகன்கிட்ட ஒரு புரோக்கர் ஆபீஸ்ல சொன்னாங்க. அவனும் டாலர் கால் ஆப்ஷன, அதாவது பேசின விலைக்கு டாலர் வாங்குற உரிமைய, வித்தான்; டாலர் ஏறினா வித்தவனுக்குத்தான் நஷ்டம். டிசம்பர் 9 ராத்திரி அப்ப ஜனாதிபதியா இருந்த ஜூமா நிதியமைச்சர் நெனேவ தூக்கிட்டாரு, மறுநாளே டாலர் 15 ராண்ட தாண்டிடுச்சு. நாலு நாள்ல பழைய நிதியமைச்சர் கோர்தன திரும்பக் கொண்டுவந்தாங்க, ஆனா அதுக்குள்ள மார்ஜின் (நஷ்டத்துக்கு ஈடா கட்டுற காசு) கட்டச் சொல்லி போன் மேல போன், தம்பி கல்யாணத்துக்கு வச்சிருந்த காசெல்லாம் போச்சு. சாட்ஸ்வர்த்ல எங்க வீட்டு சமையக்கட்டு மேசையில உக்காந்து அவன் அழுததை நான் பாத்தேன்.

அப்புறம்தான் நானே நோட்டு எடுத்து இந்தக் கணக்க கத்துக்கிட்டேன். ஒவ்வொரு நாளும் விலை எத்தனை சதவீதம் மாறுச்சுன்னு எழுதி, அதோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (சராசரியிலேர்ந்து எவ்ளோ விலகுதுங்கிற அளவு) எடுத்து, வருஷத்துக்கு சுமார் 252 டிரேடிங் நாள்ங்கிறதால அதோட வர்க்கமூலம், கிட்டத்தட்ட 15.9ஆல பெருக்கணும், அவ்ளோதான். தினம் 1 சதவீதம் ஏறி இறங்கினா வருஷத்துக்கு 16 சதவீதம்.

இப்ப 20 நாள்ல 19 நாள் 1 சதவீதம், ஒரே ஒரு நாள் 6 சதவீதம் ஆடுச்சுன்னு வைங்க. 20 நாள் கணக்குல 26 சதவீதம் வரும். அந்த 6 சதவீத நாள் கணக்க விட்டு வெளிய போற அன்னைக்கு, மார்க்கெட்ல ஒண்ணுமே நடக்காம, நம்பர் திடுதிப்புன்னு 16க்கு இறங்கிடும். மத்த நாளெல்லாம் 1 சதவீதம்னு வச்சு 250 நாள் கணக்கா போட்டா அதே ஆட்டம் 17தான் காட்டும். மூணுமே சரியான நம்பர்தான், ஆனா எதப் பாத்து நீங்க ஆப்ஷன விக்கிறீங்க?

இன்னொண்ணும் இருக்கு, இத நான் ரொம்ப லேட்டாத்தான் கவனிச்சேன். ஒரு ஷேர் தினமும் சரியா 1 சதவீதம் இறங்கிக்கிட்டே போனா, சராசரிய கழிச்சு போடுற கணக்குல வொலட்டிலிட்டி பூஜ்யம்! காசு கரையுது, நம்பர் அமைதியா நிக்குது. அதனாலதான் பலபேரு சராசரிய கழிக்காம பூஜ்யம்னே வச்சுக்கிட்டு போடுறாங்க.

ஸ்டெய்ன்ஹாஃப்னு நம்மூர் பெரிய கம்பெனியோட ஷேர் 2017 டிசம்பர் 6 ஒரே நாள்ல பாதிக்கு மேல விழுந்துச்சே, அந்த மாதிரி நாள் முந்தின மாசத்து நம்பருக்குள்ள எங்க இருக்கும்? ஆப்ஷன் விக்கிறவனுக்கு வாங்குற பிரீமியம்தான் லாபத்தோட எல்லை, கால் ஆப்ஷன, கையில அந்தப் பொருள் இல்லாம வெறுமனே வித்தா நஷ்டத்துக்கு எல்லையே கிடையாது.

அடுத்த தடவ வொலட்டிலிட்டி போடுறப்போ 20 நாள் கணக்கும் 250 நாள் கணக்கும் பக்கத்துல பக்கத்துல போடுங்க, அந்த ஆப்ஷன் விலைக்குள்ள என்ன வொலட்டிலிட்டி அடங்கியிருக்குன்னும், அதாவது மார்க்கெட் இனிமே எவ்ளோ ஆட்டம் எதிர்பாக்குதுன்னும் சேத்துப் போடுங்க. உங்க பத்திரிகைய நம்பி எங்க ஏரியா பசங்க காசு போடுறாங்கய்யா.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்